எழுபது வளைவும் ஒரு பலாப்பழமும்

ஞாயிற்றுக்கிழமை பொழுது சாய மச்சினன் வாசலில் வந்து நின்றான். சைக்கிள் இல்லை. பலாப்பழம் இல்லை. தலையில் இருக்க வேண்டிய ஹெல்மெட்டை மட்டும் பால் சொம்பு மாதிரி இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டிருந்தான்.

காலையில் கிளம்பும்போது பேச்சே வேறு. “முந்நூறு ரூபாய்ல கொல்லிமலை ஊரெல்லாம் சுத்திட்டு அத்தைக்குப் பழமும் கொண்டாறேன் பாருங்க மாமா.” அம்மாவும் தூக்குப்போசி நிறையப் புளிசோறு கட்டிக் கொடுத்து அனுப்பினாள். அந்தத் தூக்குப்போசிக்கு இடம் பத்தாமல் என்ன செய்தான் என்பது அப்புறம்.

ஏறினதில் குற்றம் சொல்ல முடியாது. அடிவாரத்துக் காரவள்ளியில் முதல் வளைவு, மேலே சோளக்காடு போய்ச் சேர்வதற்குள் 70 கொண்டை ஊசி வளைவு, ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் உயரம். அப்பா காலத்துச் சைக்கிளில் முன் பல்சக்கரத்தில் 44 பல், பின்னால் 18. மிதியை ஒரு சுற்று சுற்றினால் வண்டி ஐந்து மீட்டருக்கு மேல் போகும். சமதரையில் ராஜா, மலையில் தள்ளுவண்டி. அதனால் கியர் சைக்கிளைக் கொடுத்தேன். முன்னால் சின்னப் பல்சக்கரத்தில் 24, பின்னால் பெரியதில் 28. ஒரு மிதிக்கு ஒன்றே முக்கால் மீட்டர்தான் நகரும். நிமிடத்துக்கு 50 மிதி மிதித்தால் மணிக்கு ஐந்து கிலோமீட்டர் சொச்சம். நடந்து போகிறவர் கூடவே பேசிக்கொண்டு போகலாம், ஆனால் முட்டி பிழைக்கும். வளைவில் உள்பக்கம் செங்குத்து, வெளிப்பக்கம் சாய்வு குறைவு. பஸ் வராவிட்டால் வெளிப்பக்கமாகச் சுற்றித் திரும்ப வேண்டும். தண்ணீர் மூன்று லிட்டர். வழியில் கடை இருக்கும் என்று நம்பி ஏறக்கூடாது.

மேலே போனால் சமதரை என்று நினைப்பவர்களுக்குச் சோளக்காட்டிலேயே பாடம் ஆரம்பம். செம்மேடு தாண்டி அறப்பளீஸ்வரர் கோயில் வரைக்கும் இறக்கமும் ஏற்றமும்தான். ஆகாய கங்கை அருவிக்கு இறங்க ஆயிரம் படிக்கு மேல். மிதித்த காலோடு அதில் இறங்கினால் மேலே வருவது அடுத்த ஜென்மம். பழைய ஊர் பார்க்க வேண்டுமென்றால் தார் ரோட்டை விட்டு வளப்பூர் நாட்டுப் பக்கம் திரும்பி, சாமைக் காட்டு ஓரமாக, ஓட்டு வீடும் காப்பிச் செடியும் மிளகுக் கொடியும் இருக்கிற இடத்தில் வண்டியை உருட்டிக்கொண்டு நடக்க வேண்டும். டிக்கெட் கிடையாது. மச்சினன் அதையெல்லாம் ஒழுங்காகச் செய்தான். வாசலில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்த ஒரு பாட்டி “எந்தூரு சாமி, இப்படி நோவுற?” என்று கேட்டு மோர் கொடுத்ததாம். செலவு மொத்தம் இரண்டு டீ.

கெட்டது சோளக்காட்டுச் சந்தையில். பலாவைத் தட்டினால் ‘டங்’ என்று கேட்பது காய், ‘டொம்’ என்று கேட்பது பழம். மலையிலிருந்து கொண்டு வருகிறவன் ‘டங்’தான் வாங்க வேண்டும், வீட்டில் நாலு நாள் சாக்கில் சுற்றி வைத்தால் பழுக்கும். இவன் விலை குறைவென்று வாசம் ஊரைத் தூக்குகிற பழத்தை வாங்கினான். 14 கிலோ. அதையும் சாக்கில் போட்டுக் கேரியரில் நெட்டுவாக்கில் வைத்து, டியூப் வாரை எக்ஸ் மாதிரி இரண்டு கட்டு கட்டியிருக்கலாம். குறுக்கே வைத்து, சணல் கயிற்றில் ஒரே முடிச்சு. கடையில் கட்டிக் கொடுத்தார்களாம், இவனுக்கென்ன!

ஆள் 78, சைக்கிள் 17, பழம் 14. இத்தனை எடை ஆயிரம் மீட்டர் இறங்கினால் வருகிற சூட்டில் மூன்றரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கலாம். மெதுவாக இறங்கினால் காற்று அதில் கொஞ்சம்தான் வாங்கிக்கொள்ளும், மிச்சமெல்லாம் பிரேக் கட்டைக்கும் ரிம்முக்கும். வளைவுக்கு முன்னால் அழுத்திப் பிடித்து, வளைவில் விட்டு, முன் பிரேக்கையும் பின் பிரேக்கையும் மாற்றி மாற்றி, பத்து வளைவுக்கு ஒரு தடவை நிறுத்தி ரிம் ஆறணும். படித்துப் படித்துச் சொன்னேன். முன் பிரேக் பிடித்தால் குப்புற விழுவோம் என்று பயந்து பின் பிரேக்கை மட்டும், மேலேயிருந்து ஒரே பிடி. அந்தப் பின் டியூபில் ஏற்கெனவே அஞ்சு ஒட்டு. ரிம் சுட்டதும் சொல்யூஷன் இளகி ஒன்று கழன்றது. ‘31/70’ பலகைக்கு நேராக வண்டி நின்றது. பழம் நிற்கவில்லை.

கைப்பிடிச் சுவரில் மோதி இரண்டாகப் பிளந்தது. அந்த நிமிஷம்வரை ஒரு குரங்கைக்கூட அவன் பார்க்கவில்லையாம். அடுத்த நிமிஷம் கொல்லிமலைக் குரங்கு ஜனத்தொகை முழுக்க அங்கேதான்.

ஒட்டுப் போட்டுக்கொண்டு வந்திருக்கலாமே? உப்புத்தாள், சொல்யூஷன், இரண்டு டயர் லீவர், எல்லாம் ஒரு டப்பாவில் போட்டு நானே பையில் வைத்திருந்தேன். தூக்குப்போசிக்கு இடம் வேண்டும் என்று அதை எடுத்து எங்கள் ஃபிரிட்ஜ் மேலேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறான். அன்னாசி ஏற்றி இறங்கிய குட்டியானைக்காரர் பரிதாபப்பட்டு அடிவாரம் வரை கொண்டுவந்து விட்டிருக்கிறார். சைக்கிள் இன்னும் காரவள்ளியில் ஒரு டீக்கடைத் திண்ணையில் கிடக்கிறது. குரங்கிடம் சண்டை போட்டுக் கைப்பற்றிய சுளைகள்தான் ஹெல்மெட்டில்.

அம்மா எண்ணிப் பார்த்தாள். 23. ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு, “தேனாட்டம் இருக்குது சாமி, கையில அடிபடலையே?” என்று அவனைத்தான் கேட்டாள். கொட்டையைக் கழுவி வெயிலில் காய வைத்தாகிவிட்டது, கத்திரிக்காயோடு குழம்புக்கு.

அந்த ஹெல்மெட் என்னுடையது. பலாப் பிசின் சோப்புக்கு மசியாது, தேங்காய் எண்ணெய் தடவி ஊறவிட்டுத்தான் துடைக்க வேண்டும். உள்ளே இருக்கிற பஞ்சுக்கு அதுவும் சரிப்படவில்லை. மூன்று நாளாக வெயிலில் கவிழ்த்து வைத்திருக்கிறேன், எறும்பு வரிசை இன்னும் நிற்கவில்லை. மச்சினன் நேற்று போன் பண்ணி, அடுத்து ஏற்காடு போகலாமா என்கிறான்.