வந்து சேர்ந்த பிறகு

ஏப்ரல் 29, 2023, சனி

விடியற்காலை நாலு மணிக்கு முழிப்பு. ஏழு மாதம் ஊர் ஊராக ரயிலில் சுற்றிவந்த பழக்கத்தில் எந்த ஊர் என்று புரியவில்லை. கண்ணைத் திறக்காமலே எண்ணினேன். பக்கத்தில் அவர். அதற்கு மேல் கை போன இடத்தில் சுவர். நெஞ்சு திக்கென்றது. இது வேலூர் கொசப்பேட்டை, நம் வீடு, பிள்ளைகள் அடுத்த அறையில் இருக்கிறார்கள் என்று தெளியக் கொஞ்ச நேரம் பிடித்தது.

எழுந்து போய்ப் பார்த்தேன். பெரியவள் சுவரோரம். சின்னவன் குறுக்கே. என்னையும் சேர்த்து நாலு. அதற்கப்புறம்தான் தண்ணீர் குடித்தேன்.

அத்தை கூடத்தில் கட்டில் போட்டுப் படுத்திருக்கிறார். எனக்குத் தெரிந்து அவர் பாயைத் தவிர எதிலும் படுத்ததில்லை. கேட்டதற்கு, “கட்டுல்னா காத்து வருது” என்றார்.

ஏப்ரல் 30, ஞாயிறு

அடுக்களையில் கடுகைத் தேடி அரை மணி நேரம் போயிற்று. மேல் தட்டு முழுக்கக் காலி. டப்பாக்கள் எல்லாம் இடுப்பு உயரத்துக்கு இறங்கியிருக்கின்றன. துவரம்பருப்பு டப்பாவில் மாத்திரை அட்டைகள். பதினாறு வருஷமாக நான் பழக்கிவைத்த அடுக்களை. கோபம் வந்தது. அத்தையிடம் காட்டவில்லை, மறுபடி எல்லாவற்றையும் மேலே ஏற்றினேன்.

மே 1

ஏழு பைத் துணியும் துவைத்தாயிற்று. சின்னவனின் காலுறை ஒன்றிலிருந்து கட்ச் உப்பு கொட்டியது. வெள்ளையாக, இன்னும் ஈரம் கோக்காமல். கழுவ மனம் வராமல் ஒரு தாளில் மடித்து வைத்திருக்கிறேன்.

மே 4

அக்னி நட்சத்திரம் இன்று தொடக்கம். வேலூர் வெயிலைப் பற்றி ஊர் ஊராகப் பெருமை பேசிக்கொண்டு திரிந்தோம். இப்போது மொட்டைமாடித் தொட்டித் தண்ணீரில் கை வைக்க முடியவில்லை. ராத்திரி எட்டு மணிக்கும் சுவர் சுடுகிறது.

ராணிப்பேட்டையிலிருந்து வேலை பற்றி ஃபோன் வரவில்லை. அவர் ஃபோனைக் குளியலறை வாசல் வரை எடுத்துப்போகிறார்.

பெரியவள் மத்தியானம் அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். அந்தச் சத்தம் எனக்குப் புதிது. 202 நாள் நாங்கள் ஒரே அறையில் தூங்கினோம். தர்மசாலை, யாத்ரி நிவாஸ், அசாமில் மாஜுலித் தீவில் மூங்கில் குடில், தூங்கும் வசதிப் பெட்டிகளில் எதிரும் புதிருமாக. துணி மாற்ற வேண்டுமென்றால் மற்ற மூன்று பேரும் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வோம், அவ்வளவுதான். பதின்மூன்று வயதுப் பெண்ணுக்கு ஒரு கதவு வேண்டும், எனக்குப் புரியாமல் இல்லை. ஏழு மாதம் அந்தக் கதவை நாங்கள் அவளுக்குக் கொடுக்கவில்லை, அவளும் கேட்கவில்லை. ஆனாலும் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் காது கதவிலேயே நிற்கிறது. உள்ளே என்ன செய்கிறாள்? படிக்கிறாளா, அழுகிறாளா? ஒன்பதாம் வகுப்பில் சேர்த்துக்கொள்ள ஜூனில் ஒரு பரீட்சை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். அல்ஜீப்ரா முக்கால்வாசி தெரியாது. சிரபுஞ்சியில் வேர்ப்பாலத்து மேல் நின்றுகொண்டு, ஒரு பாலம் வளர எத்தனை தலைமுறை ஆகும் என்று கணக்குப் போட்டவள் அவள். அந்தக் கணக்கைப் பரீட்சையில் கேட்க மாட்டார்கள்.

சாயங்காலம் கதவு திறந்தது. தூங்கியிருக்கிறாள். கன்னத்தில் தலையணை மடிப்பு.

மே 5

சித்ரா பௌர்ணமி. ராத்திரி புஷ்பப் பல்லக்கு பார்க்கப் போனோம். வழியெல்லாம் மல்லிகையும் சாமந்தியும் மணக்க, ஒன்றன்பின் ஒன்றாகப் பல்லக்குகள். ஊருக்கு வந்துவிட்டோம் என்று முதன்முதலாக உடம்புக்குத் தெரிந்தது. என்னை அறியாமல் இரண்டு பிள்ளைகளின் மணிக்கட்டையும் பிடித்திருக்கிறேன். பெரியவள் விடுவித்துக்கொண்டு சொன்னாள், “அம்மா, இது நம்ம ஊரும்மா.”

ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு.

அத்தை வரவில்லை. வருஷா வருஷம் எங்களைத் தள்ளிக்கொண்டு முன்வரிசைக்குப் போகிறவர். “கூட்டத்துல யாரு நிக்கறது, நீங்க போய்ட்டு வாங்க.”

மே 9

காட்பாடிக்குப் பஸ்ஸில் போனோம். பாலாற்றுப் பாலம் வந்ததும் சின்னவன் ஜன்னலில் முகத்தை வைத்துக்கொண்டு பேசாமல் வந்தான். மணல், சீமைக்கருவேலம், ஓரத்தில் ஒரு பச்சைக் குட்டை. மாஜுலிக்குப் போக நிமாதி படகுத்துறையில் படகேறும்போது அக்கரை தெரியவில்லை என்று கத்தியவன். பிரம்மபுத்ராவைப் பார்த்த கண்ணுக்கு இதை எப்படிக் காட்டுவது?

வீட்டுக்கு வந்ததும் நேராக ஆயாவிடம் போனான். “ஆயா, நம்ம ஆறு செத்துப்போச்சா?”

“அடப் போடா. மேலதான் மணலு. அடியில போய்க்கினே கீது. நாங்க சின்னப் புள்ளையில கையாலயே ஊத்து தோண்டுவோம். முழங்கை போறதுக்குள்ள தண்ணி. தேங்காத் தொட்டியில மொண்டு மொண்டு கொடத்துல ஊத்துவோம்.”

“இப்ப தோண்டினா வருமா?”

அத்தை பதில் சொல்லவில்லை. 2021 நவம்பரில் இரு கரையும் தொட்டு வெள்ளம் ஓடியதை அவனும் பார்த்திருக்கிறான், ஆயாவின் கையைப் பிடித்துக்கொண்டுதான். அதை இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் உலையில் வைத்த சோறு குழைந்துபோகும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.

மே 11

ஃபோன் இல்லை.

மே 13, சனி

இன்று சின்னவன் ஒரு ஏற்பாடு செய்தான். பொற்கோயில் மாதிரி சாப்பிட வேண்டுமாம். இந்த ஊரில் பொற்கோயில் என்றால் ஸ்ரீபுரம். அவனுக்கு அமிர்தசரஸ். அங்கே லங்கர் என்கிற பொதுச் சாப்பாட்டுக் கூடத்தில் வரிசையாகத் தரையில் உட்கார்ந்து, ரொட்டிக்கு இரண்டு கையையும் ஏந்தி வாங்கி, பிறகு தட்டுக் கழுவும் இடத்தில் அக்காவும் தம்பியும் முழங்கை நனைய நனைய ஒரு மணி நேரம் நின்றார்கள். அந்த நாளை அவன் விடமாட்டேன் என்கிறான்.

கூடத்தில் கோரைப்பாய் விரித்து ஐந்து தட்டு வைத்தான். இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய் கிடைத்திருந்தது, எண்ணெய்க் கத்திரிக்காயும் சப்பாத்தியும். நாங்கள் உட்கார்ந்தோம். அத்தை கட்டில் ஓரத்திலேயே இருந்தார்.

“ஆயா, வரிசைக்கு வா.”

“நான் இங்கியே துன்றேன் கண்ணு.”

“எல்லாரும் சமமா உக்காரணும் ஆயா, அதான் அங்க ரூலு.”

அவர் எழப் பார்த்தார். கட்டில் சட்டத்தைப் பிடித்த கையில் நரம்பு புடைத்தது. திரும்ப உட்கார்ந்துவிட்டார். சின்னவன் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு தன் தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கட்டில் காலடியில் உட்கார்ந்துகொண்டான்.

தரையில் உட்கார்ந்து ஒரு படி அரிசியில் கல் பொறுக்குகிறவர். நான் எப்படி இதைக் கவனிக்காமல் போனேன்?

மே 14

எதிர்வீட்டு அக்காவிடம் கேட்டேன். முதலில் மழுப்பினார். “சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கினாங்க.” பிறகு சொன்னார்.

பொங்கல் முடிந்த வாரம். மேல் தட்டிலிருந்து வெல்ல டப்பாவை எடுக்க முக்காலி மேல் ஏறியிருக்கிறார். சரிந்து இடுப்பில் விழுந்திருக்கிறார். அக்கா பால் பாக்கெட் கொடுக்க வரும்வரை அப்படியே கிடந்திருக்கிறார், காலை ஆறு மணியிலிருந்து ஏழரை வரை. ஆட்டோவில் கூட்டிப்போய்ப் படம் எடுத்திருக்கிறார்கள். எலும்பு முறியவில்லை. மூன்று வாரம் படுக்கை. கட்டில் அக்கா வீட்டுக் கட்டில். கஞ்சியும் ரசமும் அவர்தான் கொடுத்திருக்கிறார்.

அந்த மூன்று வாரமும் நாங்கள் தினமும் ஃபோனில் பேசினோம். “நான் நல்லாத்தான் கீறேன். நீங்க துன்னீங்களா? புள்ளைங்களுக்கு ஸ்வெட்டர் போட்டியா?” ஒரு நாளாவது அந்தக் குரல் வேறு மாதிரி இருந்ததா என்று நினைத்து நினைத்துப் பார்க்கிறேன். ஜனவரி படங்களை எடுத்துப் பார்த்தேன். ஜெய்சால்மர், சாம் மணல்குன்று. ஒட்டகத்தின் முன் நாலு பேரும் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறோம்.

ஸ்டேஷன் ஸ்டேஷனாக எண்ணினேனே, நாலு, நாலு, நாலு என்று. அதில் அத்தை இல்லை. வண்டியில் இல்லாதவரை எப்படி எண்ணுவது என்று மனம் சமாதானம் சொல்கிறது. அது எனக்குப் போதவில்லை.

நான் மேலே ஏற்றி வைத்த டப்பாக்களை எல்லாம் இறக்கினேன். துவரம்பருப்பு டப்பாவில் மாத்திரைகளைத் திரும்பப் போட்டேன். அவரிடம் இன்னும் சொல்லவில்லை. அவர் அம்மா. எந்த வார்த்தையில் தொடங்குவது?

மே 15

இன்று குடியாத்தத்தில் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. யாரும் போகவில்லை. அவரிடம் சொன்னேன். மொட்டைமாடிக்குப் போனவர் இருட்டும்வரை இறங்கி வரவில்லை.

மே 16

அவர் காலையிலிருந்து அத்தையின் கட்டிலருகே உட்கார்ந்திருக்கிறார். இருவரும் விழுந்ததைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. முருங்கை மரத்தை வெட்டலாமா வேண்டாமா என்று பேசுகிறார்கள்.

மே 20

2000 ரூபாய் நோட்டைத் திரும்பப் பெறுவதாக நேற்று ராத்திரி செய்தி. காலையில் அத்தை என்னைக் கூப்பிட்டுத் தலையணை உறையைக் கொடுத்தார். உள்ளே பத்து நோட்டு. போன அக்டோபரில் ஸ்கூட்டரை விற்ற காசில் நாங்கள் செலவுக்குக் கொடுத்துவிட்டுப் போன அதே பத்து. ஒன்றுகூடத் தொடவில்லை. ஆஸ்பத்திரிக்கு, ஆட்டோவுக்கு, எல்லாவற்றுக்கும் மாமாவின் பென்ஷனே.

“வழியில எங்கியாவது காசு இல்லாம நின்னீங்கன்னா அனுப்பலாம்னு வச்சிக்கினு இருந்தேன்.”

23ஆம் தேதியிலிருந்து பேங்க்கில் மாற்றலாமாம், ஒரு தடவைக்கு 20,000 வரை. சரியாக இருக்கிறது. அத்தைக்குக் கம்மோடு வைக்கவும் குளியலறையில் பிடிக் கம்பி போடவும் ஆள் சொல்லியாயிற்று.

மே 26

பள்ளி திறப்பு ஜூன் 7க்குத் தள்ளிவைப்பு. வெயில். சின்னவன் குதித்தான். பெரியவள் ‘சரி’ என்று மட்டும் சொல்லித் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள்.

மே 29

கத்திரி முடிந்ததாம். வெயிலுக்கு யாரும் சொல்லவில்லை போல.

ஜூன் 3, சனி

ராத்திரி முழுக்க டிவியை அணைக்கவில்லை.

கோரமண்டல் எக்ஸ்பிரஸ் விபத்து. ஏப்ரல் 27ஆம் தேதி ஹவுரா பக்கத்து ஷாலிமாரில் நாங்கள் ஏறிய அதே வண்டி. விபத்து நடந்த பஹானகா பஜார் என்ற அந்தப் பெயரை நாங்கள் கவனித்திருக்கவே மாட்டோம், வண்டி அங்கே நிற்பதில்லை. ஆனால் அந்த ஏழு மணி நினைவிருக்கிறது. ஜன்னலில் இருட்டு இறங்கியிருந்தது. சின்னவன் பை எல்லாவற்றையும் சீட்டுக்கு அடியில் சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டுச் சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டான். ஜால்முரி என்கிற மசாலாப் பொரி விற்ற பையன் காகிதப் பொட்டலத்தில் கடுகெண்ணெயை ஒரு சொட்டு அதிகமாக விட்டுவிட்டு பெரியவளைப் பார்த்துச் சிரித்தான். நாளைக்கு வீடு என்று எல்லாருக்கும் மனம் லேசாக இருந்தது.

ராத்திரி 50 பேர் என்றார்கள். விடியும்போது 200ஐத் தாண்டிவிட்டது. திரையின் ஓரத்தில் அந்த எண் ஏறிக்கொண்டே போகிறது. எண்ணுவது எனக்குக் காவல் மாதிரி இருந்தது. எண்ணி முடித்தால் யாரும் தவறவில்லை என்று அர்த்தம். இது எந்த மாதிரி எண்ணிக்கை? நின்றிருந்த சரக்கு வண்டி மேல் மோதி, புரண்ட பெட்டிகள் ஹவுரா போகிற இன்னொரு வண்டியின் கடைசிப் பெட்டிகள் மேல் மோதி. அந்தப் பெட்டிகளிலும் ஒரு அம்மா எண்ணியிருப்பாள்.

பெரியவள் அறையிலிருந்து தலையணையோடு வந்தாள். “அந்த ஜால்முரி அண்ணா நேத்து அந்த வண்டியில ஏறியிருப்பானாம்மா?”

தெரியலடி என்றேன். வேறென்ன சொல்ல?

நேற்று எல்லாரும் கூடத்தில் அத்தையின் கட்டிலைச் சுற்றிப் படுத்தோம். யாரும் கூப்பிடவில்லை, ஒவ்வொருவராக வந்து சேர்ந்தோம். அத்தை இருட்டில் கையைத் தொங்கவிட்டு யார் தலை எது என்று தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

ஜூன் 4

டிவியை அணைத்துவிட்டேன். ஐந்து.

ஜூன் 5

மறுபடி தள்ளிவைப்பு. ஆறாவதிலிருந்து மேலே 12ஆம் தேதி, சின்ன வகுப்புகளுக்கு 14. பெரியவளின் பரீட்சையும் தள்ளிப்போகிறது. அவர் அவளுக்கு அல்ஜீப்ரா சொல்லித்தருகிறார். அவருக்கே பாதி மறந்துபோய்விட்டது, இருவரும் சேர்ந்து படிக்கிறார்கள்.

ஜூன் 8

அவர் அறைக்குத் திரும்பிவிட்டார். சின்னவனும். பெரியவள் மட்டும் கூடத்திலேயே படுக்கிறாள். அத்தை ராத்திரி எழுந்தால் கை கொடுக்க என்கிறாள். அத்தையைக் கேட்டால், “அது பயந்துக்கினு கீது, தனியா உட வேணாம்” என்கிறார்.

இரண்டு மணிக்குப் போய்ப் பார்த்தேன். இருவரும் முழித்துக்கொண்டு ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள். நான் வந்ததும் நிறுத்திவிட்டார்கள்.

ஜூன் 10

அத்தை எதிர்வீட்டுக்குத் தனியாக நடந்துபோய் வந்தார். வாசலிலிருந்து பார்த்துக்கொண்டே நின்றேன். திரும்பி வந்து, “ஏழு மாசம் நானேதானே போய்க்கினு வந்துக்கினு இருந்தேன். இப்ப எதுக்கு என்னையே பாத்துக்கினு நிக்கற?” என்றார். குரலில் கோபம் இருந்தது. மத்தியானம் மூன்று மணிக்கு அவர் பார்க்கும் தொடரைச் சின்னவன் மாற்றிவிடுகிறான். அவருடைய மிளகாய்ப்பொடிக்கு நாங்கள் யாரும் பழகவில்லை. விளக்கை ஒன்பதுக்கு அணைத்துப் பழகியவர் எங்களுக்காகப் பதினொன்று வரை கண் கூசப் படுத்திருக்கிறார். அவருக்கென்று ஒரு நாள் இருந்தது, நாங்கள் வந்து அதன் மேல் ஏழு பையையும் இறக்கி வைத்துவிட்டோம்.

இன்று ஒன்பதுக்கே கூடத்து விளக்கை அணைத்தேன். இதை அடுக்களையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஜூன் 12

பெரியவள் போனாள். பரீட்சை வெள்ளிக்கிழமையாம். சீருடைப் பாவாடை இரண்டு விரல் குட்டையாகிவிட்டது, அதை யாரும் கவனிக்கவில்லை.

ஜூன் 14

சின்னவன். பைக்குள் சங்கிலியையும் பூட்டையும் வைத்துக்கொண்டு போகிறான். எடுக்கச் சொல்லவில்லை.

பத்து மணிக்கு வீட்டில் மூன்று பேர். பதினொன்றுக்கு அவர் வெளியே போனபின் இரண்டு. அத்தையும் நானும் முருங்கைக்கீரை ஆய்ந்தோம், அவர் கட்டிலில், நான் கீழே.

“மணி இன்னா?”

“பன்னெண்டே கால் அத்தை.”

“இப்பதான் அதுங்க சோறு துன்னும்.”

ஜூன் 16

ராணிப்பேட்டையிலிருந்து ஃபோன். திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள். அவருடைய டிபன் பாக்ஸ் மூடியைக் காணோம், அத்தையைக் கேட்டால் ஜனவரியில் எதிர்வீட்டுக்குப் போனது என்கிறார்.