மீன் குழம்புக்கு ஒயின் சிக்கியாச்சு

புளி தூக்கலான வஞ்சிர மீன் குழம்புக்கு ஒருவழியாக ஒயின் கிடைத்துவிட்டது. ஜெர்மனியின் மோசல் பகுதி ரீஸ்லிங் என்ற வெள்ளை ஒயின், அதில் லேசான கபினெட் வகை. சனிக்கிழமை விருந்தில், பீரைத் தவிர வேறு எதையும் தொடாத நண்பர்கூட இரண்டாம் முறை கிளாஸை நீட்டினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மட்டன் சுக்கா என்றைக்கும் படுத்தியதில்லை, ஷிராஸ் என்ற சிவப்பு ஒயின் போதும். மிளகுக்கு மணம் தரும் ரொட்டண்டோன் என்ற வேதிப்பொருள் ஷிராஸிலும் இருப்பதை ஆஸ்திரேலியாவில் 2008-இல் கண்டுபிடித்தார்கள். குளிர்ப் பகுதியில் விளைந்த ஷிராஸில் அது எடுப்பாகத் தெரியும். மிளகாயைக் குறைத்து, மிளகைக் கடைசியில் இடித்துத் தூவினால் இரண்டும் ஒன்றையொன்று தூக்கிவிடும்.

மீன் குழம்புதான் பிடிவாதம் பிடித்தது. குழம்பின் புளிப்பு ஒயினின் புளிப்பை மிஞ்சினால் ஒயின் சப்பென்று ஆகிவிடும். நாசிக்கின் வெள்ளை ஒயினான செனின் பிளாங்க் அப்படித்தான் தோற்றது. இன்னொரு வெள்ளை ஒயினான சாவின்யோன் பிளாங்க் புளிக்கு ஈடுகொடுத்தது. ஆனால் அதிலுள்ள 13 சதவீத ஆல்கஹால் மிளகாய்க் காரத்தைக் கிளப்பிவிட்டது. காரத்தை உணரும் அதே நரம்பு முனைகளை ஆல்கஹாலும் உசுப்பும். சிவப்பு ஒயின் பக்கமே போகவில்லை. அதிலுள்ள இரும்பு மீனோடு சேர்ந்தால் கவிச்சி அடிக்கும் என்று 2009-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள்.

கபினெட்டில் புளிப்பு கூர்மை, ஆல்கஹால் 8, 9 சதவீதம்தான், காரத்தை அடக்க லேசான இனிப்பும் உண்டு. ஆனாலும் எல்லாம் சூட்டில்தான் இருக்கிறது. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்தவுடன் ஊற்றினால் மணமே வராது. 12 டிகிரியைத் தாண்டினால் இனிப்பு தனியாகத் துருத்தும். 8 முதல் 10 டிகிரிக்குள் நிறுத்த வேண்டும். ஐஸ் மட்டும் போட்டால் பாட்டிலைச் சுற்றி இடைவெளி விழுகிறது. பாதி ஐஸ், பாதி தண்ணீர், ஒரு கைப்பிடி கல்லுப்பு போட்டால் சீக்கிரம் குளிர்கிறது. குழம்பையும் கொதிக்கக் கொதிக்கப் பரிமாறக் கூடாது, வாய் வெந்திருந்தால் காரம் இரட்டிப்பாகும். காலையிலேயே வைத்து இறக்கிவிட்டேன். இரவுக்குள் புளி மீனில் ஊறி, வெதுவெதுப்பாகச் சோற்றில் விழுந்தபோது பிரமாதம்.

பெங்களூரில் இறக்குமதி பாட்டில் விலை கையைக் கடிக்கிறது. அதைவிட எரிச்சல், வெயில் படும் அலமாரியில் நிற்க வைத்து விற்கும் கடைகள். இப்போது வாங்கும் கடைக்காரர் ஏசி அறையில் படுக்க வைத்திருக்கிறார், கேட்டால் வருடம் பார்த்து எடுத்துத் தருகிறார்.

எண்ணெய்க் கத்திரிக்காய்க்கு நந்தி மலைப் பக்கத்து ரோஸே என்ற இளஞ்சிவப்பு ஒயின் இன்னும் பாதிதான் ஒத்துப்போகிறது, எள்ளைக் குறைத்துப் பார்க்க வேண்டும். அதற்குள் மனசு நண்டு மசாலாவுக்குத் தாவிவிட்டது. கெவுர்ஸ்ட்ராமினர் என்ற வெள்ளை ஒயின் ஒரு பாட்டில் சொல்லி வைத்திருக்கிறேன்.