600 பம்புக்கு 1,080 காஸ்டிங்

பிப்ரவரி நடுவில் ஸ்டோர்ஸ் பொறுப்பாளர் என் மேஜைக்கே வந்துவிட்டார். "ஏனுங்க, மார்ச்சுக்கு 1,080 மோட்டார் பாடி வருதுன்னு போட்டிருக்குது. வெக்கறதுக்கு இடம் எங்கங்க?"

கோவையில் பம்பு செய்கிற எங்களுக்குக் கோடைதான் சீசன். ஆனாலும் ஒரு எச்.பி. மோனோபிளாக்குக்கு (மோட்டாரும் பம்பும் ஒன்றாகச் சேர்ந்தது) விற்பனைப் பிரிவு கொடுத்த மார்ச் ஃபோர்காஸ்ட், அதாவது விற்பனை எதிர்பார்ப்பு, 600தான். பம்புக்கு ஒரு காஸ்டிங், அதாவது வார்ப்பில் செய்த ஒரு மோட்டார் பாடி. மீதி 480 எங்கிருந்து வந்தது?

முதலில் பி.ஓ.எம்.மை, அதாவது ஒரு பம்புக்கு எந்தப் பாகம் எத்தனை என்ற பட்டியலை, சந்தேகப்பட்டேன். ஸ்கிராப் (கழிவு) சதவீதம், லாட் சைஸ் (ஒரு தடவைக்கு வாங்கும் அளவு) எல்லாம் பார்த்ததில் இரண்டு நாள் போனது. எல்லாம் சரியாகவே இருந்தன. காஸ்டிங்கை விட்டுவிட்டு, மேலே ஏறி பம்பையே பார்த்திருக்க வேண்டும். எஸ்.ஏ.பி. மென்பொருளில் அந்த ஒரே பம்புக்கு, இருப்பையும் தேவையையும் வரிசையாகக் காட்டும் எம்.டி.04 திரையைத் திறந்து, டிமாண்ட் (தேவை) வரிகளைத் தாளில் எழுதிக் கூட்டிய பிறகுதான் விஷயம் பிடிபட்டது.

ஃபோர்காஸ்டும் டிமாண்ட்தான், ஆர்டரும் டிமாண்ட்தான். ஆர்டர் விழ விழ ஃபோர்காஸ்ட் அந்த அளவுக்குக் கழிய வேண்டும். எங்களுடையது மாத ஃபோர்காஸ்ட் என்பதால் 600ம் மாதத்தின் முதல் வேலைநாளில் உட்கார்ந்திருந்தது. மெட்டீரியல் மாஸ்டரில் (ஒவ்வொரு பொருளுக்குமான அமைப்புகள் இருக்கும் பதிவு) பின்னோக்கிக் கழிக்கும் காலத்தை 5 வேலைநாள் என்று எப்போதோ நாங்களேதான் போட்டு வைத்திருக்கிறோம். மார்ச்சுக்கு 450 ஆர்டர் இருந்தது. அதில் முதல் வாரத்து 90 மட்டும் ஃபோர்காஸ்டில் கழிந்தது. 18ஆம் தேதி ஆர்டர் 5 நாள் பின்னால் போய்த் தேடினால் அங்கே ஃபோர்காஸ்டே கிடையாதே! ஆக 510 ஃபோர்காஸ்ட், 450 ஆர்டர், மொத்தம் 960.

இன்னும் 120 இடித்தது. அது ஜனவரியில் விற்காமல் நின்றுபோன ஃபோர்காஸ்ட். மாதம் முடிந்தும் யாரும் நீக்காததால், எம்.ஆர்.பி. (தேவையைப் பார்த்து எது எவ்வளவு வேண்டும் என்று எஸ்.ஏ.பி. போடும் கணக்கு) அதைத் தாமதமான தேவையாகவே எடுத்துக்கொண்டிருந்தது.

அடுத்தது திருத்தம். பழைய மிச்சத்தை முதலில் நீக்கினேன். அதை விட்டிருந்தால், மற்றதையெல்லாம் திருத்தியும் அந்த 120 கூடுதலாகவே நின்றிருக்கும். பிறகு 600ஐ வாரத்துக்கு 150 என்று பிரித்தேன். கழிக்கும் காலத்தைப் பின்னோக்கி 12 நாள், முன்னோக்கி 6 நாள் என்று வைத்து எம்.ஆர்.பி.யை மறுபடி ஓட்டினேன். 450 ஆர்டர், 150 மிச்ச ஃபோர்காஸ்ட். சரியாக 600!

இந்தக் காலத்தை இஷ்டத்துக்கு நீட்டவும் கூடாது. பெரிய டெண்டர் ஆர்டர் ஒன்று வந்தால், டீலர்களுக்கென்று வைத்த ஃபோர்காஸ்டை அதுவே விழுங்கிவிடும். அப்புறம் சீசனில் டீலருக்குக் கொடுக்கச் சரக்கிருக்காது. அதனால் டெண்டரை, ஃபோர்காஸ்டைத் தொடாத தனி ஆர்டர் வகையில் போடச் சொல்லி விற்பனைப் பிரிவிடம் கேட்டு வாங்கினேன்.

அன்று மாலையே காஸ்டிங் செய்துதரும் ஃபவுண்ட்ரிக்குப் போன் செய்தேன். கூடுதலான 480இல் 200 ஏற்கெனவே ஊற்றியாகிவிட்டது. சிறிய ஃபவுண்ட்ரி, அதன் உரிமையாளர் தலையில் கட்ட மனம் வரவில்லை. அந்த 200ஐ ஏப்ரல் கணக்கில் எடுத்துக்கொண்டு, மீதி 280ஐ ரத்து செய்தேன்.