இரத்த அழுத்தம் இறங்கும் வரை காத்திருக்க முடியாது

சாலை விபத்தில் அடிபட்டு அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வருபவரின் இரத்த அழுத்தம் 110/90 என்று மானிட்டர் காட்டினால் உறவினர்கள் நிம்மதி அடைகிறார்கள். செவிலியரான எனக்கோ அந்த எண் கவலையைத் தருகிறது. மேல் அழுத்தத்துக்கும் கீழ் அழுத்தத்துக்கும் உள்ள இடைவெளி 20 ஆகச் சுருங்கியிருப்பது, இரத்தக் குழாய்கள் இறுகி இரத்த இழப்பை ஈடுகட்டிக்கொண்டிருப்பதன் அடையாளமாக இருக்கலாம். பெரியவர்களுக்கு மொத்த இரத்தத்தில் சுமார் 30 சதவீதம் வெளியேறும் வரைகூட மேல் அழுத்தம் இறங்காமல் நிற்கக்கூடும். ஆகவே முதலில் கையைத் தொட்டுப் பார்க்கிறேன்: தோல் சில்லிட்டு வியர்த்திருக்கிறதா, நகத்தை அழுத்தி விட்டால் வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் சிவக்கிறதா, கேட்ட கேள்விக்குத் தெளிவாகப் பதில் வருகிறதா.

இதய நோய்க்கு மெட்டோபுரோலால் போன்ற, இதயத் துடிப்பை மட்டுப்படுத்தும் மாத்திரை சாப்பிடுபவருக்கு, கணிசமாக இரத்தம் போன பிறகும் நாடித்துடிப்பு உயராமல் இருக்கலாம். அதனால் மருந்துச் சீட்டைக் கேட்டு வாங்குவதும் மதிப்பீட்டில் சேர்ந்ததே (பல வேளைகளில் சீட்டு இருக்காது, பாதி தீர்ந்த மாத்திரை அட்டைதான் பையிலிருந்து வரும்).

மார்பில் அடிபட்டிருந்தால், இதய உறைக்குள் இரத்தம் தேங்கி இதயத்தை அமுக்குகிறதா என்பதையும் கவனிக்க வேண்டும். 1935-இல் அமெரிக்க அறுவை மருத்துவர் கிளாட் பெக் விவரித்த மூன்று அறிகுறிகளை, அதாவது இறங்கும் இரத்த அழுத்தம், புடைத்த கழுத்துச் சிரை, மங்கிய இதய ஒலி ஆகியவற்றை, நாங்கள் மனப்பாடமாகப் படித்தோம். ஆனால் இரத்தம் நிறைய இழந்தவருக்குச் சிரை புடைக்காமலே போகலாம், இரைச்சலான அறையில் இதய ஒலியை நிதானிப்பதும் கடினம். மூன்றும் சேர்ந்து வரட்டும் என்று பார்த்திராமல், சந்தேகம் எழுந்ததுமே படுக்கையருகிலேயே எக்கோ (ஒலி அலையால் இதயத்தைப் படம் பிடிக்கும் சோதனை) பார்க்க மருத்துவரை அழைத்துவிடுவேன்.