கல்யாணத்துக்குப் போகாத பேண்டு செட்

திருநெல்வேலிச் சீமையில் பேண்டு செட் என்றால் கல்யாண ஊர்வலத்துக்கும் கோயில் கொடைக்கும் குலசேகரன்பட்டினம் தசராவுக்கும் கூலி பேசி அமர்த்துகிற குழு என்றுதான் யாரும் நினைப்பார்கள். பாளையங்கோட்டையில் நாங்கள் நடத்திவருவது அந்த வகையன்று. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன்கீழ்ப் பதிவு பெற்று, ஆண்டுதோறும் பொதுக்குழுவைக் கூட்டி, கணக்கைத் தணிக்கைக்கு உட்படுத்தி, மிஞ்சும் பணம் எவர் பங்காகவும் போகாதபடி நடக்கும் பித்தளை வாத்தியக் குழு அது. கல்யாணத்துக்கு ஏன் வருவதில்லை என்று கேட்போருக்குப் பொருளாளன் என்ற முறையில் நானே பதில் சொல்ல வேண்டியிருப்பதால், அதை இங்கே எழுதி வைக்கிறேன்.

ஊரார் சேர்ந்து நடத்தும் இத்தகைய குழுக்களுக்குத் தாய்வீடு இங்கிலாந்து. அங்கே 19-ஆம் நூற்றாண்டில் பஞ்சாலைகளையும் நிலக்கரிச் சுரங்கங்களையும் ஒட்டி வளர்ந்த குழுக்களில் பல இன்று அறநிலையங்களாகப் பதிவு பெற்று, பிள்ளைகளுக்குக் கருவியை இரவல் தந்து கற்பிக்கின்றன. இரட்சணிய சேனை (சால்வேஷன் ஆர்மி) என்ற கிறிஸ்தவ அமைப்புக்கு 1878-இல் சாலிஸ்பரி நகரில் ஃப்ரை குடும்பத்தார் ஊதத் தொடங்கியதே அச்சேனையின் பேண்டு மரபுக்கு வித்து. 1882-இல் அச்சேனை இந்தியாவுக்கு வந்தது.

நாங்கள் பித்தளையைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. கார்னெட், டெனர் ஹார்ன், யூஃபோனியம், பெரிய பேஸ் ஆகிய ஊதுகருவிகள் எல்லாவற்றிலும் அடிப்படை, விரலால் அமுக்கும் மூன்று வால்வுகள்: ஆட்காட்டி விரல் ஒரு முழுச்சுரத்தையும், நடுவிரல் அரைச்சுரத்தையும், மோதிர விரல் ஒன்றரைச் சுரத்தையும் இறக்கும். இங்கிலாந்து முறையில் பேஸ் ட்ரோம்போன் நீங்கலாக, சுரம் ஊதும் கருவிகள் அனைத்துக்கும் ஒரே வகைக் குறியீட்டில் நோட்டு எழுதுவதால், கார்னெட் பழகிய பிள்ளை பேஸுக்கு மாறும்போது உதட்டையும் மூச்சையும் பழக்கினால் போதும்; விரலைப் புதிதாகப் பழக்க வேண்டியதில்லை. வேலைக்கும் கல்லூரிக்குமாக ஆள் கலைந்துகொண்டே இருக்கும் குழுவுக்கு இது பெரிய வரம்.

முதற்பாடமாக முத்துசுவாமி தீட்சிதரின் நோட்டுசுவரங்களைச் சொல்லித் தருகிறோம். ஆங்கிலேயர் பேண்டு மெட்டுகளைக் கேட்டுச் சங்கராபரணத்தில் அவர் அமைத்தவை அவை. அவற்றுள் 'சந்ததம் பாஹிமாம்' பிரிட்டிஷ் தேசிய கீதத்தின் மெட்டிலேயே அமைந்தது. அவர் 1835-இல் மறைந்தது நம் எட்டயபுரத்தில். பேண்டு மெட்டு தமிழ்நாட்டுக்கு வேண்டாத விருந்தாளி என்று சொல்வோரிடம் நான் வாதாடுவதில்லை; பிள்ளைகளை ஊதிக் காட்டச் சொல்வேன்.

கருவி பராமரிப்பு தனிப் பாடு. வெயில் ஏற ஏறப் பித்தளைக் கருவியில் சுருதியும் ஏறும். கூட வாசிக்கும் கீபோர்டு இருந்த இடத்திலேயே இருக்கும். அதனால் சித்திரை மாதத்தில் சுருதி சேர்க்கும் குழாயான டியூனிங் ஸ்லைடை வெளியே இழுத்து இழுத்தே பாதி ஒத்திகை கழிந்துவிடுகிறது. வடநாட்டு மீரட் நகரிலிருந்து வரும் கருவி விலை மலிவு. ஆனால் வால்வு தங்குதடையின்றிச் சென்று வருகிறதா என்று பாராமல் வாங்கக் கூடாது. பச்சைக் களிம்பு ஏறியது என்று வீட்டுப் பெரியவர்கள் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்து மேற்பூச்சையே உரித்துவிட்ட கதையும் உண்டு. அவர்களைக் குறை சொல்ல முடியாது. குத்துவிளக்கு அப்படித்தானே பளபளக்கிறது!

இனி, கல்யாண விஷயம். கூலிக்கு வாசிக்கும் கலைஞர்களுக்கு ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லை. மற்ற மாதங்களில் கிடைப்பதைக் கொண்டுதான் ஆண்டு முழுவதும் குடும்பம் நடக்க வேண்டும். நன்கொடையில் வாங்கிய கருவியோடு, வேறு சம்பளம் உள்ளவர்களும் மாணவர்களுமாக நாங்கள் குறைந்த தொகைக்குப் போய் நின்றால், அவர்கள் வயிற்றில் அடித்ததாகும். எங்களுக்குக் கற்பிக்கும் மூத்த கலைஞரே அப்படியொரு செட்டில் வாசித்தவர். சங்கத்தில் சம்பளம் பெறுபவர் அவர் ஒருவர்தான். ஆகவே அசனம் எனப்படும் தேவாலயப் பொது விருந்துக்கும், ஏழை வீட்டு இறுதி ஊர்வலத்துக்கும், பள்ளி விழாவுக்கும் தொகை கேளாமல் வாசிக்கிறோம். சந்தாவும் நன்கொடையும்தான் வரவு. நன்கொடைக்கு வருமான வரிச் சலுகை வேண்டுவோர் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தராமல் வங்கி வழியாகத் தர வேண்டும் என்பதையும் பொருளாளனாகச் சொல்லிவிடுகிறேன்.

சென்ற பொதுக்குழுவில் இந்தக் கொள்கைக்கே சோதனை வந்தது. எங்களிடம் யூஃபோனியம் பழகிய இளைஞர் ஒருவரைத் தசரா செட் ஒன்று கூலிக்கு அழைத்தது. அவரிடம் சொந்தக் கருவி இல்லை. அறச் சொத்தைக் கூலி வேலைக்கு அனுப்பலாகாது என்றனர் சிலர். பிழைப்புக்கு உதவாத வித்தையைச் சொல்லிக் கொடுத்து என்ன பயன் என்பது என் கட்சி. நெடுநேரம் பேசியபின், அந்த ஒரு தசராவுக்கு மட்டும் சங்கத்தின் கருவியைக் கொண்டுபோகலாம், கிடைக்கும் பணத்தில் பாதியைச் சொந்தக் கருவி வாங்க ஒதுக்க வேண்டும் என்று தீர்மானித்தோம். அடுத்து வேறொருவர் இதையே கேட்கும்போது மறுபடியும் சண்டை போடாமலிருக்க, துணைவிதி ஒன்றை எழுதும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது.