கையில் நின்றுபோன கே

புயல் எச்சரிக்கை மூன்றாம் நிலைக்குப் போய்விட்டால் மொரீஷியஸில் எல்லோரும் வீட்டுக்குள்தான். பஸ் இல்லை, கடை இல்லை, பள்ளிக்கூடம் இல்லை. போன கோடையில் அப்படி ஒரு நாள். ரோஸ் ஹில்லில் எங்கள் தெருவில் காலை பத்து மணிக்கே கரண்ட் போய்விட்டது. மத்தியானத்துக்குள் பேத்தியின் போனும் அணைந்தது. "தாத்தா, ஸ்கிராபிள் ஆடலாமா?" என்று அவளாகவே வந்து கேட்டது அதனால்தான். இல்லாவிட்டால் என்னை யார் தேடப் போகிறார்கள்!

மெழுகுவர்த்தி, ஒரு பொட்டலம் மானியாக் (மரவள்ளிக்கிழங்கு) பிஸ்கட், ஜன்னலைக் காற்று அறைகிற சத்தம். எழுத்துக் காய்களைக் கோத்துச் சொல் அமைத்துப் புள்ளி சேர்க்கிற ஆட்டம் தொடங்கியது.

எங்கள் வீட்டில் இருப்பது பிரெஞ்சுப் பெட்டி. ஆடுவது ஆங்கிலத்தில், பேத்தியின் பரீட்சைத் தாள் ஆங்கிலத்தில் வருகிறதே, அதற்காக. செய்தித்தாள் பிரெஞ்சு, வீட்டுப் பேச்சு கிரியோல், நான் எழுதுவது தமிழ் என்று எல்லாம் கலந்து கிடக்கிற வீட்டில் பெட்டி மட்டும் ஏன் ஒழுங்காக இருக்க வேண்டும்? ஆங்கிலப் பெட்டியில் 100 காய்கள், எங்களுடையதில் 102. அதில் ஈ மட்டும் 15. எஸ் ஆறு. ஆங்கிலப் பெட்டியில் எஸ் நாலுதான், அதற்குக் காரணம் உண்டு. 1930களில் இந்த விளையாட்டை உருவாக்கிய அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ஆல்ஃபிரட் பட்ஸ், செய்தித்தாளில் எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று எண்ணிப் பார்த்துத்தான் காய்களின் கணக்கைப் போட்டார். எஸ்ஸை மட்டும் வேண்டுமென்றே குறைத்தார். இல்லையென்றால் எல்லாச் சொல்லுக்கும் வால் ஒட்டிப் பன்மையாக்கிவிடுவார்களாம். அந்த மனிதர் பயந்ததை என் பேத்தி எங்கள் ஆறு எஸ்ஸையும் வைத்துச் செய்து காட்டினாள்.

கே, டபிள்யூ, ஒய் மூன்றும் பிரெஞ்சில் அரிது. அதனால் பெட்டியில் ஒவ்வொன்றுதான், ஒவ்வொன்றுக்கும் 10 புள்ளி. கொட்டாவி விடுவதை ஆங்கிலத்தில் யான் என்பார்களே (நம் செய்யுள் 'யான்' அல்ல), அது ஆங்கிலப் பெட்டியில் 10 புள்ளி, எங்களிடம் 22. கொட்டாவிக்கு இவ்வளவு மரியாதை வேறெங்கும் கிடைக்காது.

சரி, என் அவமானத்துக்கு வருகிறேன். என் கையில் இருந்தவை ஜி, எச், ஐ, கே, என், டி, யூ. இங்கே ஒரு சிக்கல்: ஆங்கிலத்தின் இரண்டு டியும் தமிழில் எழுதினால் ஒன்றாகிவிடுகின்றன. நான் சொல்வது டைகரின் டி, டாக்டரின் முதல் டி அல்ல. கொஞ்ச நேரம் முணுமுணுத்துப் பார்த்துவிட்டு இரவு என்று பொருள்படும் நைட்டை வைத்தேன். ஒன்பது புள்ளி. "வேற ஒண்ணும் பா கபாவ்" (முடியாது) என்று பேத்தியின் கிரியோலிலேயே கையை விரித்தேன். அவள் என் பக்கம் எட்டிப் பார்த்தாள். மிச்சமிருந்த கேயை எடுத்து நைட்டுக்கு முன்னால் வைத்தாள். குதிரை வீரன் நைட். அதுவும் நைட்தான், உச்சரிப்பில் ஒரு வித்தியாசமும் இல்லை. பத்தொன்பது புள்ளி.

அன்று இரவு காற்று தூங்கவிடவில்லை, இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். நான் காதால் தேடுகிறேன். தமிழில் வளர்ந்த ஆளுக்குச் சொல் என்றால் ஒலி. எழுதியதைப் படிப்போம், படிப்பதை எழுதுவோம். ஆங்கிலத்தில் பாதி எழுத்துகள் வாயே திறக்காமல் உட்கார்ந்திருக்கும், அவற்றைக் கண்ணால்தான் பிடிக்க வேண்டும். லிசன் என்பதில் டைகரின் டி கேட்கிறதா? ஆனால் அது இருப்பதால்தான் அதே ஆறு எழுத்தைக் கலைத்தால் சைலன்ட் வருகிறது, என்லிஸ்ட் வருகிறது, டின்சல் வருகிறது. லிசனை நூறு தடவை வாய்விட்டுச் சொன்னாலும் சைலன்ட் கிடைக்காது.

மறுநாளும் கரண்ட் வரவில்லை. பழைய வித்தை ஒன்றை எடுத்தேன். சின்ன வயதில் கோயிலில் மாலைத் தமிழ் வகுப்பு நடக்கும். பகுதி, விகுதி, இடைநிலை, சந்தி, சாரியை, விகாரம் என்று ஆறையும் ஒப்பிக்காமல் வீட்டுக்கு விட மாட்டார்கள். அப்போது கசந்தது இப்போது உதவியது. விகுதியை முதலில் பிரித்து வைத்துவிட வேண்டும். அன்று எனக்கு வந்தவை ஏ, டி (இது டாக்டரின் டி), ஈ, ஜி, ஐ, என், ஆர். ஐ-என்-ஜியை ஓரமாகத் தள்ளினேன். மிச்சம் நாலில் ரீட் தெரிந்தது. ரீடிங்! ஏழு காயும் ஒரே வீச்சில் இறங்கினால் 50 புள்ளி கூடுதல். அவள் முறைத்தாள். ஐ-என்-ஜிக்குப் பதில் ஈ-டியைத் தள்ளியிருந்தால் தானியமாகிய கிரெய்ன் தெரிந்திருக்கும், கிரெய்ன்ட் என்று அதையும் வைத்திருக்கலாம். முன்னொட்டுக்கும் இதே கதைதான், ஆர்-ஈ, யூ-என் இரண்டையும் இடது ஓரத்துக்குத் தள்ளிப் பார்க்க வேண்டும்.

எபேனில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் என் மகன் இதையெல்லாம் கேட்டுச் சிரித்தான். "ஏழு எழுத்தை 5,040 விதமாக அடுக்கலாமே, உன் கம்ப்யூட்டர் அத்தனையும் கலைத்துப் பார்க்குமா?" என்றேன். "எதுக்குப்பா? கலைக்கவே வேண்டாம்" என்றான். அகராதியின் ஒவ்வொரு சொல்லுக்கும் அதன் எழுத்துகளை அகர வரிசையில் அடுக்கி ஒரு சாவி செய்து வைத்துக்கொள்வார்களாம். லிசன், சைலன்ட், டின்சல் மூன்றுக்கும் ஒரே சாவி: ஈ, ஐ, எல், என், எஸ், டி. ஒரே சாவிச் சொற்களெல்லாம் ஒரே இழுப்பறையில். கையில் உள்ள எழுத்தையும் அப்படியே அடுக்கினால் அந்த இழுப்பறை திறந்துகொள்ளும். சில எழுத்தை விட்டுவிட்டுச் சின்னச் சொற்களும் வேண்டுமென்றால், ஏழு எழுத்திலிருந்து எடுக்கக்கூடிய கூட்டங்கள் மொத்தம் 127. ஒரே எழுத்து இரண்டு தடவை இருந்தால் இன்னும் குறைவு. 127 இழுப்பறையைத் திறந்து பார்த்தால் வேலை முடிந்தது. என் வகுப்பு வருகைப் பதிவேட்டை இந்த மாதிரி வைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கரண்ட் வந்த அன்று பேத்தி ஒரு தாளில் ஒன்பது எழுத்தை எழுதிக் கொடுத்தாள். ஏ நாலு, அப்புறம் சி, எம், என், ஆர், டி. டைகரின் டிதான். "ஒரே சொல், தாத்தா. ஒன்பதும் வரணும்."

இப்போதுதான் நான் கண்ணால் தேடக் கற்றவனாயிற்றே. விகுதியைத் தேடினேன், ஐ-என்-ஜி இல்லை. ஈ-ஆர் இல்லை, ஈயே இல்லை. அகர வரிசையில் அடுக்கினேன், நாலு ஏயும் வரிசையாக நின்று என்னைப் பார்த்தன. டீ ஆறியது. இரவுச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார்கள், போகவில்லை. கடைசியில் அவளே வந்து மெல்லச் சொன்னாள்: "கிராண்ட் பேயில் டூரிஸ்டுகளை ஏற்றிக்கொண்டு போகுமே, தாத்தா."

கட்டமரான். நம் கட்டுமரம். முப்பது வருஷம் தமிழ் வாத்தியார் நான். ஒரே ஒரு தடவை வாய்விட்டுப் படித்திருந்தால் போதும்.