மோகன வர்ணமும் டைம் வார்ப்பிங்கும்: ஒரு வாரம் மல்லுக்கட்டினது

பொண்ணு மோகனத்துல ஒரு வர்ணம் கத்துக்கிட்டு இருக்கா. பாட்டு சார் பாடி அனுப்பின ஆடியோவையும் இவ பாடினதையும் வச்சு எங்க ஓடுறா எங்க இழுக்குறான்னு கண்ணால பாத்துடணும்னு எனக்கு ரொம்ப ஆசை. ரெண்டுலயும் 10 மில்லிசெகண்டுக்கு ஒரு தடவ சுருதிய, அதாவது குரல் எந்த உயரத்துல நிக்குதுங்கறத, எடுத்து மேலமேல வச்சேன், முதல் வரியிலயே பிரிஞ்சு போச்சு, சார் 'ப'வுக்கு போயாச்சு இவ இன்னும் 'க'வுல நிக்குறா.

இதுக்குத்தான் டைனமிக் டைம் வார்ப்பிங், வேற வேற வேகத்துல போற ரெண்டு பதிவ நேரத்த இழுத்து சுருக்கி ஒண்ணோட ஒண்ணு பொருத்துறது, ஆரம்பத்துல பேச்ச அடையாளம் காண வந்த வித்தை. சார் பாடினத படுக்கையா, இவ பாடினத செங்குத்தா வச்சு கட்டம் போடணும். ஒவ்வொரு கட்டத்துலயும் ரெண்டு சுருதிக்கும் உள்ள வித்தியாசம், அதோட இடது, மேல, மூலைன்னு மூணு கட்டத்துல எது கம்மியோ அதையும் கூட்டணும். கடைசி கட்டத்துலேர்ந்து கம்மியா இருக்குற பக்கமாவே திரும்பி நடந்து வந்தா அதான் பாதை. முதல்ல நோட்டுலயே போட்டு பாத்தேன்: சார் ச ரி க, அதாவது 0, 200, 400 சென்ட் (ஸ்வரங்களுக்கு நடுவுல உள்ள தூரத்த அளக்குற அலகு), இவ ச ச ரி க. மொத்த செலவு, அதாவது கடைசி கட்டத்துல வர்ற கூட்டுத்தொகை, 0! சாரோட ஒரு 'ச' இவளோட ரெண்டு 'ச'வையும் புடிச்சுக்கிச்சு, அப்பதான் நிஜமா புரிஞ்சுது.

பைத்தான்ல ஓட்டினா 3 நிமிஷ பாட்டுக்கு 18,000க்கு 18,000 கட்டம், ஒண்ணுக்கு 8 பைட்டுன்னா 2.6 ஜிபி, லேப்டாப் அப்படியே நின்னுடுச்சு. 50 மில்லிசெகண்டுக்கு ஒண்ணுன்னு குறைச்சதும் 100 எம்பி சொச்சம்தான்.

பாதை வந்துச்சு, ஆனா கன்னாபின்னான்னு. சார் 1 கட்டை, இவ 5 கட்டை, 700 சென்ட் தள்ளி இருக்கு, அதனால இவளோட 'ச' அவரோட 'ப'வுல போய் ஒட்டிக்கிச்சு. அவங்கவங்க ஆதார ஷட்ஜத்த 0ன்னு வச்சு மாத்தினேன். அப்பவும் சரியா வரல, ஒரு ராத்திரி பூரா தேடினப்புறம்தான் தெரிஞ்சுது, மூச்சு விடுற இடத்துக்கெல்லாம் நான் 0 போட்டு வச்சிருக்கேன், 'ச'வும் 0, மௌனம் எல்லாம் 'ச'வா ஆயிடுச்சு! அந்த புள்ளிகள தூக்கிட்டு, நேரத்த மட்டும் தனியா பத்திரமா வச்சுக்கிட்டேன்.

இன்னும் ஒரு இடத்துல இவளோட ஒரே 'க' சாரோட 8 செகண்டோட ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. மூலைக்கோட்டுலேர்ந்து 5 செகண்டுக்கு மேல விலகக்கூடாதுன்னு வேலி போட்டேன், சகோயே, சீபான்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் 1978 பேப்பர்ல சொன்ன வேலிதான் அது. இத முதல்லயே போட்டிருக்கணும், வேகமும் கூடுது.

இப்ப பாதை கிட்டத்தட்ட நேரா போகுது, சிட்டஸ்வரத்துல (வர்ணத்துல வெறும் ஸ்வரமா பாடுற பகுதி) ஒரு இடத்துல மட்டும் படுத்துடுது, அங்க 'க'வோட கார்வைய, அதாவது நீட்டி நிக்க வேண்டிய நேரத்த, பாதியிலயே விட்டுட்டு ஓடியிருக்கா. அத மட்டும் வெட்டி போட்டு காட்டினேன். ரெண்டு தடவ கேட்டுட்டு, "ஆமாப்பா, அங்க நான் எண்ணவே இல்ல"ன்னு சொல்லி தாளம் போட்டு மறுபடி பாட ஆரம்பிச்சா.